ஒரு மில்லிக்குள்ள அரைக் கிலோ இலை

எங்கம்மாவுக்குக் கல்யாணத்துல வந்த சீர்ல பாத்திரம் பண்டமெல்லாம் எங்கெங்கயோ போயிருச்சு, ஒரு கல்லு மட்டும் இன்னும் இருக்கு. வட்டமான கல்லு, ஓரத்துல சுத்தி தண்ணி வடிய வாய்க்கா மாதிரி வெட்டியிருக்கும், பர்மாக்காரங்க கியாவ்பியின்னு சொல்லுவாங்க. காலையில எந்திரிச்சதும் அம்மா அதுல நாலு சொட்டுத் தண்ணி விட்டு தனக்கா கட்டைய, பர்மாவுல முகத்துல பூசிக்கிற மரக்கட்டை அது, பட்டைப் பக்கம் வச்சு சரக் சரக்குன்னு தேய்ப்பாங்க, அந்தச் சத்தத்துலதான் நாங்க எல்லாரும் முழிப்போம். ரங்கூன்ல பொறந்து வளந்த தமிழ்ப் புள்ளைங்க நெத்தியில விபூதியும் கன்னத்துல தனக்காவும்தான் பள்ளிக்கூடம் போவோம், இதுல எது நம்மளது எது அவங்களதுன்னு எங்களுக்கு ஒருநாளும் தோணினதே இல்ல.

என் தங்கச்சி மகனுக்கு அப்ப ஆறு வயசு. ரெண்டு வாரமா விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வலிக்குதுன்னு அழுவான், முழங்காலுக்குக் கீழ அங்கங்க கன்னிப்போன மாதிரி நீலமா திட்டு இருந்துச்சு, விளையாடுற புள்ளை எங்கயாவது இடிச்சிருப்பான்னு விட்டுட்டோம். வெயில் காலம்கிறதால அவனோட அம்மாச்சி, அதாவது எங்கம்மா, தெனம் முகம் முழுக்கக் கெட்டியா தனக்கா பூசி விட்டுக்கிட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்தவுடனே கேட்ட மொத விஷயமே ஈரத்துணி ஒண்ணுதான், அவரே முகத்தைத் தொடச்சுட்டு கீழ் இமையை இழுத்துப் பாத்தாரு. அந்த மஞ்சப் பூச்சுக்கு அடியில முகம் காகிதம் மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு. எங்கம்மா அதைப் பாத்துட்டு அப்படியே செவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க, நான் பூசிப் பூசி மறைச்சிட்டேனேன்னு அன்னைக்குச் சொன்னதை இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க. ரத்தப் புற்றுநோய், அதுல குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற வகை, லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா.

இந்தப் பதிவை எழுத ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப எழுதுறதுக்குக் காரணம், போன மாசம் காளியம்மன் கோயில்ல பாத்த ஒரு அம்மா. அவங்க வீட்டுப் புள்ளைக்கும் இதே வியாதியாம், ஊசியை நிறுத்திட்டு பச்சிலைக் கசாயம் குடுக்கலாமான்னு வீட்டுல பேச்சு நடக்குதுன்னு சொன்னாங்க. எங்க வீட்டுலயும் அந்தப் பேச்சு நடந்துச்சு, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அவனுக்கு வாரம் ஒருதரம் போட்ட ஊசி பேரு வின்கிறிஸ்டின். இதோட சேத்து ஸ்டீராய்டு, இன்னும் ரெண்டு மூணு மருந்து. ஊசி போடுற சயாமாகிட்ட, நர்ஸம்மாவ இங்க அப்படித்தான் கூப்பிடுவோம், ஒருநாள் நான் சும்மா கேட்டேன், இது எதுல செய்யுறாங்க சயாமான்னு. அவங்க ஜன்னலுக்கு வெளிய கையக் காட்டுனாங்க. ஆஸ்பத்திரி மதில் ஓரமா ரோஸ் கலர்ல அஞ்சிதழ்ப் பூ. நம்ம நித்தியகல்யாணி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. எங்கம்மா அந்தச் செடியை வீட்டு வாசல்லயே விடமாட்டாங்க, ஊர்ல அதுக்கு சுடுகாட்டு மல்லின்னு பேரு, சமாதி ஓரத்துல வளர்றதை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு அவங்க ஆத்தா சொல்லி வளத்திருக்காங்க. எங்க பாட்டன் கப்பலேறி வந்த ராமநாதபுரம் பக்கமும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமும் இதை மானாவாரியா பயிர் பண்ணி, இலையும் வேரும் காயவச்சு மருந்துக்கு அனுப்புறாங்கங்கிறது எனக்கே அதுக்கப்புறம்தான் தெரியும். செடியோட சொந்த ஊரு என்னமோ மடகாஸ்கர்.

அந்த வாரமே பெகுல இருந்து மாமா வந்துட்டாரு, கையில ஒரு பை நெறைய நித்தியகல்யாணி இலை. "ஏக்கா, அந்த ஊசியே இந்தச் செடியில இருந்துதான் எடுக்குறாங்களாம், அப்பறம் எதுக்குப் புள்ளையக் குத்திக் குத்திச் சித்ரவதை பண்ணணும், காச்சிக் குடுப்போம்"னாரு. மாமா கெட்ட எண்ணத்துல சொல்லல, அவன் மேல உசுரையே வச்சிருக்கவரு, பஸ்ல அவ்வளவு தூரம் அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டே வந்திருக்காரு. எங்கம்மா அடுப்பு பத்த வைக்கவே போயிட்டாங்க. சுடுகாட்டு மல்லின்னு வாசல்ல விடாதவங்க, பேரன் பொழைப்பான்னா உள்ள கொண்டுவரவும் தயாராயிட்டாங்க. நான்தான் ஒருநாள் டைம் குடுங்கன்னு கெஞ்சி, ராத்திரி முழுக்க போன்ல படிச்சேன், கரண்டு இல்ல, சார்ஜ் தீர்றதுக்குள்ள படிச்சு முடிக்கணும்.

அப்படிப் படிச்சதுல ஒரு கதை கெடச்சுது, அதைத்தான் மறுநாள் மாமாகிட்ட சொன்னேன். 1952ல ஜமைக்காவுல இருந்து கனடாவுக்கு ஒரு கவர் போச்சு, உள்ள இந்தச் செடியோட 25 இலை. ஜமைக்காவுல சர்க்கரை வியாதிக்கு இந்த இலையில டீ போட்டுக் குடிப்பாங்க, அது நெசமா வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லி கிளார்க் நோபிள்ங்கிற டாக்டருக்கு வந்த கவர் அது. அவரு அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்புறாரு, தம்பி வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றவரு. அவங்க இலைச் சாறை எலிக்கு வாய் வழியா குடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை அளவுல ஒரு மாத்தமும் இல்ல. அதையே ஊசியா ரத்தத்துல ஏத்திப் பாத்தாங்க, எலியெல்லாம் ஒரு வாரத்துக்குள்ள செத்துப்போச்சு, சர்க்கரை இறங்கி இல்ல, உடம்பு முழுக்கச் சீழ் பிடிச்சு. ஏன்னா ரத்தத்துல வெள்ளை அணு படுத்துருச்சு, கிருமியோட சண்டை போட ஆளே இல்ல. வேற யாராவதா இருந்தா இது விஷச் செடின்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. வெள்ளை அணுவைக் கொல்லுதுன்னா, வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகுற வியாதிக்கு இது ஆகுமேன்னு யோசிச்சாரு பாருங்க, அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது. சார்ல்ஸ் பீர்ங்கிற வேதியியல்காரரு வந்து சேந்து வின்பிளாஸ்டினைப் பிரிச்செடுத்தாரு, 1958ல வெளிய சொன்னாங்க. அதே நேரத்துல அமெரிக்காவுல எலை லில்லி கம்பெனியிலயும் இதே செடியை ஆராஞ்சுக்கிட்டிருந்தாங்க, வின்கிறிஸ்டின் அங்க இருந்து வந்துச்சு, 1963ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது.

"மாமா, வாய் வழியா குடுத்தப்ப எலிக்கு ஒண்ணுமே ஆகலையாம்"னு சொன்னப்பதான் அவரு மொதத் தடவையா நிமிந்து பாத்தாரு.

அப்பறம் கணக்கு சொன்னேன். இந்தச் செடியில ஆல்கலாய்டுங்கிற ரசாயனப் பொருள் நூத்துக்கும் மேல இருக்கு, நமக்கு வேணும்கிறது அதுல துளிலயும் துளி. ஒரு கிராம் மருந்துக்குக் காஞ்ச இலை 500 கிலோவுக்குக் குறையாது, சில கணக்குல 2,000 கிலோங்கிறாங்க. இவனுக்குப் போடுற பாட்டில்ல இருக்கிறது ஒரு மில்லி தண்ணி மாதிரி திரவம், அதுக்குள்ள ஒரு மில்லிகிராம் மருந்து. அப்ப அந்தச் சுண்டுவிரல் அளவு பாட்டிலுக்குப் பின்னாடி குறைஞ்சது அரைக் கிலோ காஞ்ச இலை நிக்குது. (இப்பல்லாம் இலையில இருந்து வின்பிளாஸ்டின் மாதிரி கூட்டாளிப் பொருளை எடுத்து, அதை ஃபேக்டரியில வின்கிறிஸ்டினா மாத்துறாங்க.) மாமா கொண்டு வந்த பையைக் கொதிக்க வச்சா வர்றது அந்த மருந்து இல்ல, மீதி நூறு பொருளும் கலந்த தண்ணி, அது பிரஷரை எறக்கலாம், ஏற்கனவே வெள்ளை அணு இல்லாத புள்ளைக்கு என்ன பண்ணும்னு யாரு சொல்ல முடியும். அதோட இன்னொண்ணு, வின்கிறிஸ்டினை ஈரல்தான் உடைச்சு வெளியேத்தணும், சில காளான் தொற்று மருந்தைச் சேத்துக் குடுத்தாலே அந்த வேலை தடைப்பட்டு விஷமா ஏறிரும்னு டாக்டருங்களே பயப்படுறாங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் வேற என்ன குடுக்குறீங்கன்னு கேக்குறாங்க. நாம திட்டுவாங்களோன்னு மறைச்சிடுறோம். தயவு செஞ்சு மறைக்காதீங்க, திட்டினா வாங்கிக்கலாம்.

மாமா பையை எடுத்துக்கிட்டுப் போகல. இலையைக் கொல்லைப்பக்கம் கொட்டிட்டு, ரொம்ப நேரம் அங்கயே நின்னுக்கிட்டிருந்தாரு.

ஊசியும் லேசுப்பட்டது இல்லங்கிறதை ஒத்துக்கணும். செல்லு ரெண்டாப் பிரியும்போது உள்ள நூல் மாதிரி ஒண்ணு உருவாகி குரோமோசோமை ரெண்டு பக்கமும் இழுக்கும், வின்கிறிஸ்டின் அந்த நூலைக் கோக்க விடாது, பிரிய முடியாம செல்லு செத்துப்போகும். ஆனா அதே நூல் நரம்புக்குள்ளயும் இருக்கு. அஞ்சாவது ஊசிக்கப்புறம் பையன் செருப்பு கழண்டு கழண்டு விழ ஆரம்பிச்சுது. இங்க எல்லாரும் போடுறது வார் செருப்புதானே, கட்டைவிரலால வாரைப் பிடிச்சுக்கணும், இவனால பிடிக்க முடியல, பத்தடி நடந்தா செருப்பு பின்னால கெடக்கும் இவன் முன்னால போயிருப்பான். நாங்க செருப்புதான் பெருசுன்னு நெனச்சு வேற வாங்கினோம். சயாமா பாத்த உடனே குதிகால்ல நடந்து காட்டுன்னாங்க, அவனால முன்பாதத்தைத் தூக்கவே முடியல. மருந்தோட அளவைக் கொறச்சாங்க, கொஞ்ச கொஞ்சமா சரியாச்சு. மலச்சிக்கல், தாடை வலி, முடி கொட்டுறது எல்லாம் இருந்துச்சு, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஊசி போடுற நாள்ல ரெண்டு சயாமா நிப்பாங்க. ஒருத்தர் பாட்டில் மேல எழுதியிருக்கிறதைச் சத்தமா படிப்பாங்க, இன்னொருத்தர் சீட்டைப் பாத்துத் தலையாட்டணும். ரத்தக் குழாய்க்குள்ள மட்டும்தான், முதுகுத்தண்டுல போட்டா உசுரு போயிரும். இந்தப் புள்ளைங்களுக்கு முதுகுத்தண்டுலயும் வேற மருந்து போடுவாங்க, அதனால ரெண்டும் ஒரே நாள்ல வராம பாத்துக்குவாங்க. ஊசி நழுவி ஒரு சொட்டு வெளிய கசிஞ்சா தோலும் சதையும் வெந்துபோகும், அப்ப ஐஸ் வைக்கக் கூடாது, சூட்டு ஒத்தடம்தான். நம்ம வாசல் பூவுல இருந்து வந்ததுக்கு இவ்வளவு காவல்.

ஒருதரம் ஆஸ்பத்திரியில மருந்து இல்ல, வெளிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இதை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், வெளிச்சம் படக் கூடாது. கடைக்காரரு சாதாரண பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்துட்டாரு, ஃப்ரிட்ஜ் மொத நாள் ராத்திரியெல்லாம் கரண்டு இல்லாம கெடந்திருக்குன்னு அங்க வேலை செய்யுற பையன் பின்னாலயே ஓடி வந்து சொன்னான், நல்ல பையன். திருப்பிக் குடுத்தா காசு தரமாட்டேன்னுட்டாங்க. வேற கடையில திரும்ப வாங்கி, தெர்மாஸ் குடுவையில ஐஸ் போட்டு, பாட்டிலைத் துணியில சுத்தி, ஐஸ் நேரா ஒட்டாம நடுவுல வச்சு கொண்டு போனோம். அந்த ரெண்டாவது பாட்டிலுக்கு என் தங்கச்சி வளையல் போச்சு. அமெரிக்காவுலயே 2019ல இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்து குழந்தைங்க டாக்டருங்க தவிச்சாங்க, செஞ்சுக்கிட்டிருந்த ரெண்டு கம்பெனியில ஒண்ணு நிறுத்திருச்சுன்னு. அறுபது வருசப் பழைய மருந்து, பெருசா லாபம் இல்லாததுன்னா யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க. எனக்கு இதுல வர்ற கோபத்தை எழுத வார்த்தை இல்ல.

1960க்கு முன்னாடி இந்த வியாதி வந்த குழந்தை கிட்டத்தட்ட எதுவுமே பொழைக்கல. இப்ப வசதியான நாட்டுல நூத்துக்குத் தொண்ணூறு பொழைக்குது. எங்க மாதிரி ஊர்ல அவ்வளவு இல்ல, பாதியில நிறுத்துறதும் கிருமி தாக்குறதும்தான் பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனம் 2018ல ஒரு திட்டம் போட்டாங்க, 2030க்குள்ள உலகம் முழுக்க புற்றுநோய் வந்த குழந்தைங்கள்ல 60 சதவீதமாவது பொழைக்கணும்னு. அறுபதுங்கிறது கேக்கவே வயித்தைப் பெசையுது, ஆனா இன்னும் அதுக்கே வழி தேடுற ஊருங்க இருக்கு.

இப்ப தோல் விஷயத்துக்கு வர்றேன். பெரிய ஊசியெல்லாம் முடிஞ்சு, மாத்திரை மட்டும் ரெண்டு வருசத்துக்கு மேல. மெர்காப்டோபியூரின்னு ஒரு மாத்திரை தெனம் ராத்திரி, மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள். டாக்டர் வெயில்ல விடாதீங்கன்னு சொன்னாரு. நாங்க சாதாரணமா சொல்றாருன்னு நெனச்சோம். இல்லையாம், அந்த மாத்திரை உடைஞ்சு வர்ற ஒரு பொருள் செல்லோட டிஎன்ஏவுக்குள்ள போய் உக்காந்துக்கும், அது சூரிய ஒளியில இருக்க யூவி-ஏ கதிரை இழுத்துக்கும், அந்த இடத்துல டிஎன்ஏ அடிபடும். இதே குடும்பத்து மாத்திரையை வருசக்கணக்குல சாப்பிடுற கிட்னி மாத்தினவங்களுக்குத் தோல் புற்றுநோய் அதிகமா வருது. நம்ம கருத்த தோலுக்கு வெயில் என்ன பண்ணும்னு நாம சொல்லுவோம், மெலனின் காப்பாத்தும்கிறதும் உண்மைதான், ஆனா கருத்த தோலுக்கு வர்ற மெலனோமாங்கிற தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலதான் வரும், யாரும் பாக்காத இடம். ஜமைக்கா பாட்டுக்காரரு பாப் மார்லிக்கு வந்தது கால் கட்டைவிரல்ல, 1981ல 36 வயசுல போயிட்டாரு.

அம்மாவுக்கு இதைச் சொன்னதும் அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பதில் அந்தக் கல்லுதான். அதுதான் தனக்கா இருக்கேன்னாங்க. நான் அதையும் தேடிப் படிச்சேன். தனக்கா மரம் நம்ம ஊர்லயும் இருக்கு, மகாவில்வம்னு கோயில்ல வைக்கிறாங்களே அதேதான்கிறாங்க செடி படிச்சவங்க. அந்தப் பட்டையில மார்மெசின்னு ஒரு பொருள் இருக்கு, யூவி-ஏ கதிரை உறிஞ்சும்னு 2004ல கொரியாக்காரங்க கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. தாய்லாந்துல 2010ல பட்டையைச் சோதிச்சவங்க வீக்கத்தைக் குறைக்குது, பயமில்லாம பூசலாம்னு சொன்னாங்க. படிச்சுட்டு அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, நோய் தெரிஞ்ச நாள்ல இருந்து அதைப் பாக்கல நான்.

ஆனா அது பத்தாதுங்கிறதையும் நானே சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு பொருள் பட்டையில இருக்கிறது வேற, கன்னத்துல தடவுனது இவ்வளவு காக்கும்னு அளந்து சொல்றது வேற. சன்ஸ்கிரீனை அளக்கும்போது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்குறாங்க, நாம அதுல பாதிகூடப் பூசுறதில்ல, அதுக்கே பலன் குறையும். தனக்கா காஞ்சு உதிரும், வேர்வையில வழியும், கழுத்து காது கை எல்லாம் வெறுமையா இருக்கும். ஆஸ்திரேலியாவுல நாம்பூர்னு ஒரு ஊர்ல 1992ல 1,621 பேரைச் சேத்து, பாதிப் பேருக்குத் தெனம் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லி, பாதிப் பேரை அவங்க இஷ்டத்துக்கு விட்டு, நாலரை வருசம் பாத்தாங்க. தெனம் பூசுனவங்களுக்கு ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சுது, பத்து வருசம் கழிச்சுப் பாத்தப்ப மெலனோமாவும் பாதிதான். தனக்காவுக்கு இப்படி ஒரு சோதனையை யாராவது எங்க ஊர்ல நடத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வயல்ல நாத்து நடுற பொம்பளைங்கதான் அதை அதிகம் பூசுறாங்க, அவங்களுக்குத் தெரிய வேணாமா.

செடியில இருந்து வந்ததுன்னாலே நல்லதுன்னு நெனைக்க முடியாதுங்கிறதுக்கும் தோல்லயே ஒரு உதாரணம் இருக்கு. யூஃபோர்பியா பெப்ளஸ்னு ஒரு பால் செடி, ஆஸ்திரேலியாவுல மருவுக்கும் தோல் புண்ணுக்கும் அந்தப் பாலை வைக்கிற பழக்கம். அதுல இருந்து இன்ஜெனால்னு பிரிச்சு, வெயில்ல கெட்டுப்போன தோலுக்கு ஜெல் செஞ்சாங்க, 2012ல அனுமதி. மூணு வருசம் தொடர்ந்து பாத்ததுல அந்த ஜெல் பூசுனவங்கள்ல 3.3 சதவீதம் பேருக்கு அதே இடத்துல தோல் புற்றுநோய், வேற மருந்து பூசுனவங்களுக்கு 0.4 தான். 2020ல ஐரோப்பாவுல எடுத்துட்டாங்க. தொடர்ந்து பாத்ததாலதான் தெரிஞ்சுது.

வெள்ளை அணு குறைஞ்ச நாள்ல தனக்காவே வேணாம்னு சயாமா சொல்லிட்டாங்க, கல்லும் பானைத் தண்ணியும் எவ்வளவு சுத்தம்னு சொல்ல முடியாது, தோல்ல சின்னக் கீறல் இருந்தாலும் கிருமி உள்ள போயிரும். அப்படி ஒரு நாலு மாசம் எங்கம்மா கல்லுல தனக்கா தேய்க்கல. தெனம் கழுவி மட்டும் கவுத்து வைப்பாங்க.

இப்ப அவனுக்குப் பத்து வயசு ஆகுது, மாத்திரையும் நிறுத்தியாச்சு. காலையில மொதல்ல சன்ஸ்கிரீன், கழுத்து காது புறங்கை எல்லாம், அது காஞ்சப்பறம் மேல அம்மாச்சியோட தனக்கா, முழுக்கை சட்டை, ஓலைத் தொப்பி. போன வாரம் இந்தப் பதிவுக்காக நான் குறிப்பு எழுதிக்கிட்டிருந்தப்ப வந்து எட்டிப் பாத்தான். "பெரியம்மா, அரைக் கிலோ எலைன்னா எம்புட்டு இருக்கும்?"னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. மாமா அன்னைக்குக் கொல்லையில கொட்டுன இலையோட எங்கயோ விதையும் இருந்திருக்கணும், அங்க இப்ப ஒரு பெரிய புதரே கெடக்கு, அம்மா பிடுங்கல. நானும் அவனும் கையுறை போட்டுக்கிட்டு ஒரு அண்டா நெறைய இலை பறிச்சு, முறத்துல பரப்பி நெழல்ல காயவச்சோம். நாலு நாள்ல சுருங்கிச் சுருங்கி முறத்தோட ஒரு மூலையில ஒதுங்கிருச்சு. பக்கத்து மளிகைக் கடைத் தராசுல வீசைக் கணக்குலதான் நிறுப்பாங்க, ஒரு வீசைக்கு நூறு டிக்கல், அரைக் கிலோன்னா ஏறக்குறைய முப்பது டிக்கல். வச்சுப் பாத்தா அஞ்சு டிக்கல்கூட வரல.

"இன்னும் அஞ்சு அண்டாவா!"ன்னான். அப்பறம் வெரல் விட்டு ஏதோ எண்ணிக்கிட்டே இருந்தான், தனக்குப் போட்ட ஊசியைத்தான் எண்ணுறான்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. அம்மா காஞ்ச இலையைக் கொண்டு போய் அந்தப் புதரடியிலயே போட்டுட்டு, கையை ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தாங்க. அடுத்த மாசம் செக்கப். கோயில்ல பாத்த அந்த அம்மாவையும் அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன், சயாமாகிட்ட நேர்ல கேக்கட்டும்.